வலப்பக்கக் கதவு

மூன்று வாரத்தில் அவள் வருகிறாள்.
பதிவு, பிறகு கோயில், பிறகு
செந்தூலில் பதினோராம் மாடி.
நாற்பத்தேழு வயதுவரை
இரண்டு கதவையும் நானே திறந்து
நானே சாத்திய அலமாரியில்
பாதியைக் காலி செய்ய வேண்டும்.

ஞாயிறு. மின்விசிறி மூன்றில்.
எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன்.
கட்டில் காணாமல் போயிற்று.
ஒரே ஆளுக்கு எதற்கு
இத்தனை தோள்?

வியாழக்கிழமைக்கென்று பதினொரு பாத்தேக் சட்டை.
அலுவலகத்து வியாழன்கள் அத்தனையும்
பூவும் கொடியுமாக ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன.
ஊதாச் சட்டை போட்ட அன்றுதான்
பதவி உயர்வு பக்கத்து மேசைக்குப் போனது.
சட்டைமேல் தப்பில்லை.
ஆனாலும் பைக்குள் போ.

கேமரன் மலைக்கென்று வாங்கிய குளிர்ச்சட்டை.
பயணம் நடக்கவில்லை.
பதினான்கு வருடம் இருட்டில் நின்று
தனக்குத்தானே வியர்த்து
காலரில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது,
எனக்குச் சொல்லாமல்
அது மட்டும் மலைக்குப் போய்
பனியில் நனைந்து வந்த மாதிரி.

முப்பது அங்குல இடுப்பில் நாலு கால்சட்டை.
நான் இளைத்துவிடுவேன் என்று
இந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தவை
அவை மட்டும்தான்.
கீழே காவலுக்கு நிற்கும் தில் பகதூர்
அளவுகூடப் பார்க்கவில்லை,
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தான்.
நாளைக் காலை என் பழைய இடுப்பு
எனக்குக் கேட்டைத் திறந்துவிடும்.

காவடி எடுத்த வருடத்து மஞ்சள் வேட்டி.
மடிப்பில் இன்னும் பத்துமலை விபூதி.
என்ன வேண்டிக்கொண்டேன் என்பது மறந்துவிட்டது.
கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல்
எப்படித் தூக்கிப் போடுவது?
இடப்பக்கம்.

ஒன்பது ஒற்றைக் காலுறை.
யாரைச் சொல்லி என்ன.

நாலு மணிக்கு வழக்கமான மழை.
நாலு கறுப்புப் பை வாசலில்.
வலப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பாச்சை உருண்டை வாசனை,
ஒரு பொத்தான்,
2009ஆம் ஆண்டுக் கார் நிறுத்தக் கட்டணச் சீட்டு.
கீழே எல்.ஆர்.டி. போகும்போதெல்லாம்
காலி ஹேங்கர்கள் ஒன்றையொன்று தொட்டு
கிணுகிணுவென்றன.
துணி இருந்தவரை
இந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை.

இரவு தைப்பிங்கிலிருந்து புஷ்பலீலா பேசினாள்.
அவளும் மூட்டைதான் கட்டிக்கொண்டிருக்கிறாளாம்.
"எனக்குப் பாதியெல்லாம் வேணாங்க,
கொஞ்சம்தான் கொண்டு வாறேன்" என்றாள்.
சேலைகளை அக்காளுக்கும்
வேலைக்குப் போட்ட உடுப்புகளை
பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாயிற்று.
சும்மா கேட்பதுபோல
இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்றாள்.
இருக்கிறது என்றேன்.
பிறகு ஒன்றும் பேசவில்லை.
அவள் பக்கத்திலும் மழை பெய்வது கேட்டது.

"அவரோட சட்டை ஒண்ணு இருக்கு.
மத்ததெல்லாம் அப்பவே கொடுத்துட்டேன்.
இது மட்டும்..."

எல்.ஆர்.டி. போயிற்று.
ஹேங்கர்கள் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
சொல்வதற்கு நல்ல வாக்கியங்கள் இருந்திருக்கும்.
என் வாயில் வந்தது:
"என்ன அளவு?"

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா,
தெரியவில்லை.
"நாப்பத்திரண்டு" என்றாள்.

என்னைவிட அகலமான ஆள்.
கம்பி ஹேங்கரில் போட்டால்
தோள்பட்டை கூம்பிவிடும்.
வாசலுக்குப் போய்
மூன்றாவது பையின் முடிச்சை அவிழ்த்து
குளிர்ச்சட்டையோடு போட்டுவிட்ட மர ஹேங்கரை
உருவி எடுத்தேன்.
ஈரத்துணியால் துடைத்தேன்,
பிறகு காய்ந்த துணியால்.

வலப்பக்கம் மாட்டினேன்.
ஓரமாகவா, நடுவிலா
என்பதுதான் பிடிபடவில்லை.
இரண்டு முறை மாற்றிவிட்டேன்.
மணி பன்னிரண்டரை.
கட்டிலில் இன்னும்
பாத்தேக் சட்டைகள் படுத்திருக்கின்றன.